எந்த விரல்ல தெரிஞ்சுது?

தெரியும் என்று சொன்னால் அந்த அம்மாவுக்குப் போதாது. எங்கே தெரிந்தது என்று கேட்பார். கையில் என்றால் எந்தக் கை, எந்த விரல், நுனியிலா நடுவிலா, தொட்டவுடனேயா கொஞ்சம் பொறுத்தா என்று நாலு கேள்வி பின்னால் வரும். நாலுக்கும் பதில் சொல்லிவிட்டால் விட்டுவிடுவார் என்று நினைக்க வேண்டாம். மூன்று நாள் கழித்து, நாம் சாப்பாட்டில் கை வைத்திருக்கும் நேரமாகப் பார்த்து, அதே கேள்வியை வேறு பக்கமாகக் கேட்பார். முதல் பதிலும் இரண்டாவது பதிலும் ஒத்துப்போகிறதா என்று தன் நோட்டைப் புரட்டிப் பார்ப்பார். போலீஸ் ஸ்டேஷனில்கூட இவ்வளவு இல்லை. ஒருமுறை போயிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசி மூன்று மாதம் போகவில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர்கள். பதினேழு வயதில் நிலக்கரி மைன்ஸுக்குக் காண்ட்ராக்ட் ஆளாகப் போய், கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை வாரிப்போட்டவன் நான். அங்கிருந்து பெல்ட்டுக்கு ஜாயிண்ட் போடும் கூட்டத்தில் சேர்ந்து, கிரைண்டர் பிடித்து, மேஸ்திரியாகி, இன்றைக்கு மந்தாரக்குப்பத்தில் சொந்த ஒர்க்‌ஷாப், இரண்டு லேத், எட்டு ஆள், மாடியில் வாடகைக்கு விட ஒரு போர்ஷன் என்று உட்கார்ந்திருக்கிறேன். யாரும் தூக்கிவிடவில்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள் மீட்டரை வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்து நிற்கும்போது, நான் போய் ஓடுகிற கன்வேயரின் பேரிங் பெட்டிமேல் கையை வைத்து, இது நாலு நாள் தாங்கும், அது நாளைக்கே போய்விடும் என்று சொல்லுவேன். சொன்னபடிதான் நடக்கும். மேஸ்திரி கை என்று இந்தப் பக்கத்தில் ஒரு பேச்சே உண்டு. அந்தக் கையைத்தான் இந்த அம்மா வந்து குறுக்கு விசாரணை செய்தார்.

அவர் வந்தது இரண்டாயிரத்துப் பதினேழில், வடலூர் தைப்பூசக் கூட்டம் கலைந்த வாரம். வயது நாற்பதுக்கு மேல். மைன்ஸ் டவுன்ஷிப்பில் ஏதோ ஒரு பிளாக் குவார்ட்டர்ஸில் வளர்ந்து, வெளியே போய்ப் படித்து, பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு, அந்த வேலையை விட்டவர். மாடிப் போர்ஷனைக் கேட்டார். ஒற்றை ஆளாக இருக்கிறாரே என்று நான் யோசித்து முடிப்பதற்குள் என் வீட்டுக்காரி சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டாள். சாமான் என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை. இரண்டு அட்டைப்பெட்டி நிறைய ஒயரும் பொடிப்பொடி மோட்டாரும், ஒரு லேப்டாப், கண்ணை முழுக்க மூடி மாட்டுகிற பெரிய கண்ணாடி ஒன்று, பைக் ஓட்டுகிறவர்கள் போடுவது போல ஒரு கையுறை. ஆனால் கையுறையின் ஒவ்வொரு விரல் நுனியிலும் ஒரு மோட்டார் தைத்திருந்தது.

அந்தக் கண்ணாடியை மாட்டினால் எதிரே கன்வேயர் ஓடும். இடதுபக்கம் திரும்பினால் இடதுபக்கம் இருப்பது தெரியும், குனிந்தால் அடியில் இருக்கிற ரோலர் தெரியும். நம் கைகூட உள்ளே தெரியும். வி.ஆர். என்று அவர் சொல்வார். பேப்பரில் மெய்நிகர் உலகம் என்று போடுகிறார்கள். எல்லாம் சரி, கையை நீட்டிப் பேரிங் பெட்டியைத் தொட்டால் காற்றுத்தான் இருக்கும். அந்தக் காற்றில் பேரிங்கைக் கொண்டுவந்து வைப்பதுதான் அவர் வேலை. படத்தில் இருக்கும் கை பெட்டியைத் தொடும் அதே நேரம் கையுறையில் இருக்கும் மோட்டார் அதிர வேண்டும். நல்ல பேரிங் என்றால் ஒரு மாதிரி, கெட்டுப்போகிற பேரிங் என்றால் ஒரு மாதிரி. செல்போன் சட்டைப் பையில் அதிர்கிறதே, அந்த ஜாதி மோட்டார்தான். புதிதாக வேலைக்கு வருகிறவன் ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் போகாமலே கையைப் பழக்கிக்கொள்ளலாம்.

எதற்கு இந்த வேலை, நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு, என்று கேட்டேன்.

"கண்ணுக்கு எவ்வளவோ செஞ்சாச்சு மேஸ்திரி. கைக்குத்தான் யாரும் ஒண்ணும் செய்யல" என்றார். அதற்குமேல் தன்னைப் பற்றிப் பேசமாட்டார். கேள்வியெல்லாம் அடுத்தவரைத்தான்.

மைன்ஸ் வேலைக்கு ஆள் அனுப்புகிற ஒரு தனியார் காண்ட்ராக்டர், புது ஆட்களுக்குப் பழக்கம் கொடுக்க ஊருக்கு வெளியே கொட்டகை போட்டிருந்தார். அவரிடம் போய் இந்த அம்மா பேசியிருக்கிறார். அவரோ படித்தவர்கள் சொல்வதைச் சுலபத்தில் நம்புகிற ஆள் இல்லை. மேஸ்திரி கை ஒத்துக்கொண்டால் நான் ஒத்துக்கொள்கிறேன், இருபது செட் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அக்னி நட்சத்திரம் முடிந்து வரும் திங்கட்கிழமை வந்து பார்ப்பதாக ஏற்பாடு. தேறினால் இங்கேயே ஒரு இடம் பிடித்துத் தன் இஷ்டத்துக்கு வேலை செய்யலாம். தேறாவிட்டால், விட்டு வந்த கம்பெனிக்கே திரும்பப் போய், அவர்கள் கொடுக்கிற நாற்காலியில் உட்கார வேண்டியதுதான் என்று என் வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறார். ஆக அவருடைய அத்தனை வருஷ ஆசையும் என் விரல் நுனியில் வந்து நின்றது. அப்படி நிற்கிறபோது ஒரு மனுஷி அந்த விரலுக்குச் சொந்தக்காரனிடம் எவ்வளவு பணிவாக இருக்க வேண்டும். இவர் என்னடாவென்றால், முதல் நாள் நான் என் கையின் பெருமையைச் சொல்லி முடித்ததும், "சரிங்க, எந்த விரல்ல தெரிஞ்சுது?" என்றார்.

என்னிடம் மட்டும்தான் இப்படி என்று நினைத்தேன். ஊரையே ஒரு வழி பண்ணினார். பங்குனியில் பலா வர ஆரம்பித்ததும் திருவதிகைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் வந்து எங்கள் தெருமுனையில் பழம் போடுவாள். பழத்தைத் தட்டி, முள்ளை அழுத்திப் பார்த்து, இன்றைக்கு அறுக்கலாம், நாளன்றைக்கு அறுக்கலாம் என்று சொல்லி விற்பாள். இவர் போய் அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். அழுத்தும்போது முள் வளைகிறதா, தோல் உள்ளே போகிறதா, கட்டைவிரலா ஆள்காட்டி விரலா, எவ்வளவு உள்ளே போனால் பழம் என்று அர்த்தம் என்று கேள்வி. வாடிக்கைக்காரர்கள் பின்னால் நிற்கிறார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பழமாகத் தடவுகிறார். கடைசியில் அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "வாங்குறதுன்னா வாங்கு, இல்லன்னா கைய எடு தாயே. கட்டினவன்கூட என்னைய இத்தினி கேள்வி கேட்டதில்ல" என்று சொல்லிவிட்டாள். அந்தக் கோபத்தை ஆற்ற இவர் மூன்று முழுப் பழம் வாங்கிவந்தார். எட்டு நாள் எங்கள் வீட்டில் சோறு, குழம்பு, தலையணை எல்லாவற்றிலும் பலா வாசனை.

என் வீட்டுக்காரியின் கதை இன்னும் மோசம். முப்பது வருஷமாக முறுக்கு சுடுகிறவள். மாவு பதத்துக்கு வந்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறாய் அக்கா என்று இவர் கேட்டார். தெரியும் என்றாள். எங்கே தெரிகிறது என்றார். அவள் யோசிக்க ஆரம்பித்தாள். அதுதான் தப்பு. உள்ளங்கையிலா விரலிலா என்று யோசித்துக்கொண்டே பிசைந்ததில் அந்த மாதம் இரண்டு ஈடு முறுக்கும் அச்சை விட்டு இறங்காமல் போயிற்று. என் கைக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அவள் மூக்கைச் சிந்த, இவர் பக்கத்தில் உட்கார்ந்து அதையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். என் லேத்காரனோ இவர் கீழே வருகிற சத்தம் கேட்டாலே டீ குடிக்கப் போய்விடுவான். கடைந்து வைத்த ஷாஃப்டை இவர் கண்ணை மூடித் தடவிவிட்டு, இங்கே ஏதோ இருக்கிறது என்பார். அவன் எடுத்துப் பார்த்தால் மயிரிழை அளவு ஒரு வரி இருக்கும். இருக்கும் என்பதுதான் எரிச்சல்.

எனக்கான நேரம் சாயங்காலம். ஷிப்ட் பஸ்கள் போய் முடிந்ததும் ஒர்க்‌ஷாப்பைச் சாத்திவிட்டு மாடி ஏறுவேன். கண்ணாடியை மாட்டி, கையுறையைப் போட்டு, கையை நீட்டச் சொல்வார். இப்போது என்ன பேரிங் என்பார். நல்லது என்றோ, போகப்போகிறது என்றோ, போய்விட்டது என்றோ நான் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை. சரி என்றும் சொல்லமாட்டார், தப்பு என்றும் சொல்லமாட்டார். எழுதிக்கொள்வார். பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்தவனை ஐம்பது வருஷம் கழித்துப் பரீட்சையில் உட்காரவைத்தால் எப்படி இருக்கும்?

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் வலது கை விரல்களில் உணர்ச்சி போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. இடது கையிலும் முக்கால்வாசி இல்லை. பெல்ட் ஜாயிண்டுக்கு ரப்பரைச் சுரண்ட கிரைண்டர் பிடிக்க வேண்டும். அது நாள் முழுக்கக் கைக்குள் உதறிக்கொண்டே இருக்கும். மற்றவர்கள் கைக்குத் துணி சுற்றிக்கொள்வார்கள், மாற்றி மாற்றிப் பிடிப்பார்கள். துணி சுற்றினால் வேலை தெரியாது என்று வீம்பாக வெறுங்கையால் இருபத்தைந்து வருஷம் பிடித்தவன் நான். மார்கழிக் காலையில் விரல் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும்; சட்டைப் பொத்தான் போட வராது. பத்து மணிவரை பனியனோடு உலாத்துவேன். மேஸ்திரிக்குக் குளிரே தெரியாது என்று ஆட்கள் பேசிக்கொள்வார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். டாக்டரிடம் போகவில்லை, வீட்டில் சொல்லவில்லை. கையை வைத்துப் பேர் வாங்கியவன் கை செத்துவிட்டது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ஆனாலும் பேரிங் பார்த்துச் சொல்வது மட்டும் தப்பவில்லை. அது எப்படி என்று நானே நின்று யோசித்ததில்லை. அனுபவம் என்று வைத்துக்கொண்டேன்.

மாடியில் முதல் வாரம் சமாளித்துவிட்டேன். கையுறை மோட்டார் ஓடும்போது கொசு மாதிரி ஒரு சத்தம் வரும். பலமாக ஓடினால் பெரிய கொசு. அதைக் கேட்டுச் சொல்லிவிடுவேன். வார முடிவில் இந்த அம்மா என் காதில் பெரிய ஹெட்போனை மாட்டி, அதில் கன்வேயர் இரைச்சலை வைத்துவிட்டார். மைன்ஸுக்குள்ளே போனால் இந்தச் சத்தத்தில்தானே நிற்க வேண்டும் என்றார். அன்றோடு என் பிழைப்பு போயிற்று. அதற்குப் பிறகு நான் சொன்னதெல்லாம் குருட்டாம்போக்கு. நடுநடுவே இன்னும் பலமாக வை, நிஜப் பேரிங் இப்படியா இருக்கும் என்று அதட்டுவேன். பார்க்கலாம் என்பார். கூட்டமாட்டார். என் வீட்டுக்காரி கையுறையைப் போட்டுப் பார்த்து, கூசுகிறது என்று சிரித்தாள். லேத்காரன் போட்டுவிட்டு, அசல் மாதிரியே இருக்குதுங்க என்றான். எனக்கு மட்டும் அது வெறும் துணிப்பை.

சொல்லிவிடலாம் என்று நினைத்த நாட்கள் உண்டு. படியில் பாதி இறங்கி, திரும்பி நின்றிருக்கிறேன். என்ன மேஸ்திரி என்பார். மேலே தண்ணி வருதா என்று கேட்டுவிட்டுப் போய்விடுவேன். திங்கட்கிழமை நெருங்க நெருங்க, எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அந்த அம்மாவுக்கு வேண்டியது என் வாயிலிருந்து ஒரு சரி. அதைக் கொடுத்துவிட்டால் அவர் பிழைப்பும் நிற்கும், என் பேரும் நிற்கும். கையுறை நல்ல கையுறை என்றுதான் மற்றவர்கள் சொல்கிறார்களே. யாருக்கு என்ன நஷ்டம்?

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை அவர் கீழே வந்து, காண்ட்ராக்டர் முன்னால் வேறு யாராவது போட்டுப் பார்க்கட்டுமே, லேத்காரர் போடட்டுமே என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஏன், என் கை ஆகாதா என்று கேட்டேன். அதற்கில்லை என்றார். அவன் கையை யார் கேட்டார்கள், காண்ட்ராக்டர் என் கையைத்தானே கேட்டிருக்கிறார் என்று ஒரு பாட்டம் கத்தினேன். சரிங்க என்று மேலே போய்விட்டார். அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டிருக்கிறார் என்பது அப்போது உறைக்கவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் காண்ட்ராக்டர் தன் சூப்பர்வைசர் இரண்டு பேரோடு வந்தார். ஒர்க்‌ஷாப்பிலேயே நாற்காலி போட்டு, வேலையை நிறுத்தி, எட்டு ஆளும் சுற்றி நின்றார்கள். வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். கண்ணாடி மாட்டினேன், ஹெட்போன் மாட்டினேன், கையுறை போட்டேன். எதிரே கன்வேயர் ஓட ஆரம்பித்தது. முதல் பெட்டியில் கை வைத்தேன். நல்ல பேரிங் என்றேன். இரண்டாவதில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்து, சும்மா தலையை ஆட்டி, இது ஒரு வாரம் என்றேன். மூன்றாவதில் கை வைத்ததும், இதுதான் நேரம் என்று எனக்குத் தோன்றியது. உரக்கவே சொன்னேன்.

"அச்சு அசல் பேரிங்குதாங்க. புதுசு. எண்ணெயில போற மாதிரி போவுது. நாற்பது வருசமா தொட்ட கை சொல்லுது, வாங்கிப் போடுங்க."

பதில் ஹெட்போன் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று அதைக் கழற்றினேன். கண்ணாடியையும் கழற்றினேன். அந்த அம்மா லேப்டாப் முன்னால் நின்றபடி என்னைப் பார்த்தார்.

"மேஸ்திரி, மோட்டார் ஓடல" என்றார். "மூணாவதுக்கு நான் ஓட விடல."

காண்ட்ராக்டர் என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். அப்படியென்றால் இத்தனை வருஷம் கை வைத்துச் சொன்னதெல்லாம் என்ன என்று கேட்டார். கேலியாகக் கேட்டிருந்தால் திட்டியிருப்பேன். நிஜமாகவே கேட்டார். பதிலை அந்த அம்மாதான் சொன்னார். சொன்னதெல்லாம் சரிதான், இவர் விரலால் சொல்லவில்லை, அவ்வளவுதான் என்றார். பிறகு காண்ட்ராக்டரைப் பார்த்து, "இவர் ஒத்துக்கிட்டார்னு நீங்க வாங்காதீங்க. நாளைக்கு இதைப் போட்டுப் பழகினவன் உள்ள போய் நிஜ பெல்ட்டுகிட்ட கைய வைப்பான். உங்க ஆளுங்க பத்துப் பேரை வச்சு மறுபடி பாருங்க. கிரைண்டர் புடிச்சவங்க பாதிப் பேருக்கு விரல் இப்படித்தான் இருக்கும். அவங்களுக்கும் சேர்த்து நான் மாத்தணும்" என்றார்.

சொல்லி அனுப்புகிறேன் என்றார் காண்ட்ராக்டர். சொல்லி அனுப்பவில்லை. கிரைண்டர் பிடித்தவன் கையெல்லாம் இப்படி என்றால், அதைச் சோதித்துப் பார்க்க எந்தக் காண்ட்ராக்டருக்கு ஆசை வரும்?

அவர்கள் போனதும் ஆட்களை வேலைக்கு விரட்டிவிட்டு, என் வீட்டு வாசலில் நின்று அந்த அம்மாவை நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. சோறு போட்ட வீட்டில் இப்படிச் செய்யலாமா, உனக்காகத்தானே சொன்னேன், நீயும் கெட்டு என்னையும் கெடுத்தாயே, இந்த மாதமே இடத்தைக் காலி பண்ணு என்றேன். முழுக்கக் கேட்டார். காலி பண்ணுகிறேன் என்றார். படியில் கால் வைத்தவர் திரும்பி, "மாசியில ஒரு கன்வேயரோட டிரைவ் பேரிங் ரெண்டு நாள்ல போயிடும்னு சரியா சொன்னீங்களே மேஸ்திரி, அப்ப எப்படி நின்னுக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டார்.

கதவை அடித்துச் சாத்தினேன்.

மூன்று நாள் மாடி ஏறவில்லை. மேலே டேப் கிழிக்கிற சத்தமும் பெட்டி இழுக்கிற சத்தமும் கேட்டது. என் வீட்டுக்காரி என்னிடம் பேசாமல் அவருக்குத் தட்டு கொண்டுபோனாள். இரண்டு ஆர்டர்காரர்கள் விசாரிக்கிற சாக்கில் என் கையை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் போனார்கள். நாலாம் நாள் சாயங்காலம் தாங்க முடியாமல் நானே ஏறினேன். சண்டை போடத்தான் ஏறினேன். அறை முக்கால்வாசி காலியாக இருந்தது. தரையில் உட்கார்ந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார்.

"என் கை செத்துப்போச்சுன்னு உனக்கு எப்ப தெரியும்?"

"ஹெட்போன் மாட்டின அன்னிக்கே. அஞ்சுல ஒண்ணு மோட்டார் ஓடாமத்தான் வைப்பேன். எல்லாத்துக்கும் நீங்க ஏதாவது ஒரு பேரிங் சொன்னீங்க."

"அப்பவே சொல்லித் தொலையறதுதானே?"

"அது உங்க கைங்க. நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அன்னிக்கு அத்தினி பேரு முன்னால சொன்னியே?"

"அன்னிக்கு எனக்காகப் பொய் சொல்லிட்டீங்க மேஸ்திரி. அதை என்னால வச்சுக்க முடியாது."

அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். வலது கையை நீட்டினேன். அவர் சுற்றின ஒயரைப் பிரித்து, கையுறையை எடுக்காமல், ஒரே ஒரு மோட்டாரை மட்டும் லேப்டாப்பில் கோத்து என் ஆள்காட்டி விரல் நுனியில் டேப்பால் ஒட்டினார். ஓடவிட்டார். அது ஓடுகிற சத்தம் காதில் கேட்டது. விரலில் ஒன்றும் இல்லை.

"தெரியல" என்றேன்.

நாலு மாதத்தில் நான் சொன்ன முதல் உண்மையான பதில். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுதிக்கொண்டு மோட்டாரை விரல் கணுவுக்கு மாற்றினார். தெரியவில்லை. உள்ளங்கை. தெரியவில்லை. புறங்கையில் வைத்தபோது ஏதோ இருக்கிற மாதிரி இருக்கிறது என்றேன். மாதிரி வேண்டாம், இருக்கிறதா இல்லையா என்றார். இந்த நிலையிலும் விடுகிறாரா பாருங்கள். இல்லை என்றேன். மணிக்கட்டு எலும்பில் எங்கோ தூரத்தில் பஸ் போகிற மாதிரி ஒன்று. அதற்கு மூன்று விரல் மேலே, முன்கையின் எலும்பு ஓரமாக வைத்து அழுத்தினார்.

அங்கே பேரிங் ஓடியது. புதியதில்லை. சீரான இடைவெளியில் ஒரு தட்டு.

"வெளி ரிங்குல ஒரு எடத்துல அடி வாங்கியிருக்கு. பத்து நாள் வரும்" என்றேன். யாரும் கேட்காமல் தானாக வாயில் வந்தது.

அவர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். எனக்கு அதில் என்ன புரியும். அதுதான் போட்டிருக்கிறேன் என்றார். பிறகு தன் நோட்டைப் பின்னால் புரட்டி, பங்குனியில் எழுதிய ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டினார். ஒர்க்‌ஷாப்பில் நான் மோட்டாரோ பேரிங்கோ பார்க்கும்போதெல்லாம் கையைப் பெட்டிமேல் வைப்பதற்கு முன்னால் முன்கையை மெஷின் சட்டத்தின்மேல் சாய்த்துக்கொண்டு நிற்கிறேனாம். பத்தில் ஒன்பது தடவை. நான் அதைத் தோரணை என்று நினைத்துச் செய்துகொண்டிருந்தேன்.

கடைசியாக, எல்லை எது என்று தெரியவேண்டும் என்று மோட்டாரை மேலும் கீழும் நகர்த்தி நகர்த்தி, தெரிகிற இடத்துக்கும் தெரியாத இடத்துக்கும் நடுவில் என் கையைச் சுற்றி ஒரு கோடு போட்டார். எதால் போட்டார் தெரியுமா? கீழேயிருந்து எடுத்துவந்த என்னுடைய மார்க்கரால். இரும்பில் குறி போடுகிற மார்க்கர். மழை பெய்தாலும் போகாது.

அடுத்த வாரம் பெங்களூருக்கே போய்விட்டார். பழைய கம்பெனியில்தான் சேர்ந்தார் என்று என் வீட்டுக்காரிக்குப் போனில் சொல்லியிருக்கிறார். கையுறையில் மணிக்கட்டுக்கு மேலேயும் மோட்டார் வைத்துச் செய்துகொண்டிருப்பதாகவும் சொன்னாராம். நான் பேசவில்லை. பேசினால் ஏதாவது கேட்பார்.

அவர் கோடு போட்ட அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்தேன். மண்ணெண்ணெய், எலுமிச்சை, ஒர்க்‌ஷாப் சோப்பு எல்லாம் போட்டுத் தேய்த்தும் அது அப்படியே இருந்தது. ரசத்தை ஊற்றும்போது சட்டைக் கை தட்டில் இறங்க, என் வீட்டுக்காரி அதைச் சுருட்டிவிட வந்தாள். கோட்டைப் பார்த்தாள்.

"என்னாங்க இது, கைய சுத்தி வேலி போட்ட மாதிரி?"

அந்த அம்மா போட்டது என்றேன். இதற்குக் கீழே எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ரொம்ப வருஷமாகவே தெரியவில்லை என்றேன். சொல்லும்போது தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கரண்டியை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எப்போதிலிருந்து, ஏன் சொல்லவில்லை என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, கோட்டுக்கு மேலே பிடித்துக்கொண்டாள்.